மகளுக்கு இல்லாத வகுப்பு

லூ யாச்சின் நடத்தும் வகுப்பில் சிரிப்புக்குப் பஞ்சமே கிடையாது. பக்கத்து அறையில் ஜெர்மன் சொல்லிக்கொடுப்பவர் பொறுத்துப் பார்த்து முடியாமல், ஒருநாள் கதவைத் தட்டி, "கொஞ்சம் மெதுவா சிரிக்கச் சொல்லுங்களேன்" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் சீனம் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கென்று அந்தப் பல்கலைக்கழகம் வைத்திருந்த துரித வகுப்பு அது. மற்ற மாணவர்கள் ஒரு வருஷம் முழுக்க உட்கார்ந்து படிக்கும் இடைநிலைப் பாடத்தை இவர்கள் ஒரே பருவத்தில் முடித்துவிட வேண்டும். பேச்சுதான் இருக்கிறதே, எழுத்து மட்டும்தானே பாக்கி என்பது மேலிடத்தின் கணக்கு. வந்து உட்காருகிறவர்களின் பேச்சு எந்த லட்சணத்தில் இருக்கும் என்பது யாச்சினுக்குத்தான் தெரியும். உணவகம் வைத்திருப்பவரின் மகன் கெல்வினுக்கு அடுக்களைச் சீனம் மட்டுமே வரும். வகுப்பிலும் எதிரில் இருப்பவன் காதில் விழாதோ என்பதுபோலக் கத்துவான். மெலிசா தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்தே மொழி கற்றவள். பேனா கடன் கேட்பதென்றாலும் அரண்மனைத் தோழிபோல, "அடியேனுக்கு அருள்கூர்ந்து" என்றுதான் தொடங்குவாள். ஆறடி உயரத்துக்கு வளர்ந்து கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்த பிராண்டன், அம்மா இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்ன சொற்களைத் தாண்டி வரவே இல்லை. முதல் நாளே எழுந்து நின்று, "டீச்சர், எனக்கு உச்சா வருது" என்றான்.

யாச்சின் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னாள்: "போயிட்டு வா கண்ணு. கையக் கழுவிட்டு வரணும், என்ன?"

வகுப்பு வெடித்தது. பிராண்டனும் சிரித்தான். அவன் திரும்பி வந்ததும், வளர்ந்தவர்கள் அதை எப்படிச் சொல்வார்கள் என்று பலகையில் எழுதி, நண்பனிடம் எப்படி, மாமனார் வீட்டில் எப்படி என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தாள். மாமனார் என்றதும் அவனுக்குக் காது சிவந்துபோனது. அந்தப் பருவம் முடிவதற்குள் அவன் செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்தைத் தடுமாறாமல் படித்தான். இப்படி எத்தனையோ பிள்ளைகள். அவர்களுடைய அம்மாக்கள் காய்கறிக் கடையில் யாச்சினைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள்.

"எம்பொண்ணு இப்ப என் ஃபோன்ல வர்றதெல்லாம் படிக்கிறா டீச்சர். பொய் சொல்ல முடியல வீட்ல."

யாச்சின் சிரித்துவிட்டுக் கீரையைப் பொறுக்குவாள். உங்கள் பெண் எப்படி என்று யாராவது கேட்டுவிடுவதற்குள் பணம் கொடுக்கும் வரிசைக்குப் போய்விடுவாள்.

ஏனென்றால் அவளுடைய மகள் ஆட்ரிக்குச் சீனம் வராது.

வராது என்பதைவிட, வந்துகொண்டிருந்ததை நிறுத்தியது என்பதுதான் சரி. மூன்று வயதுவரை ஆட்ரி கிளி மாதிரி பேசினாள். பாலர் பள்ளியில் விட்டதும் வாயை மூடிக்கொண்டாள். மாதக்கணக்கில் ஒரு சொல் இல்லை. பள்ளிக்கு வந்துபோகும் பேச்சுப் பயிற்சிக்காரி அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, குழந்தை இரண்டு மொழிக்கு நடுவில் குழம்புகிறது, வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்றாள். அந்தக் காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். யாச்சினுக்கு மனசே இல்லை. அவளுடைய கணவன் தெங்தான் பிடிவாதமாக நின்றான். அவன் குளிர்சாதனக் குழாய்கள் வடிவமைக்கும் கம்பெனியில் பொறியாளன். வேலையில் கெட்டிக்காரன், ஆனாலும் அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் அவனுக்கு மேலே போய்விட்டார்கள்.

"மீட்டிங்ல நான் வாயத் தொறந்தா எல்லாரும் புரியாம தலையச் சாய்ச்சுக்கிட்டுக் கேக்கறாங்க, யாச்சின். எம்பொண்ணு பேசறப்ப எவனும் தலையச் சாய்க்கக் கூடாது."

அன்றிலிருந்து வீட்டில் ஆங்கிலம். சொல்லுவது சுலபம். குழந்தைக்கு அது புரியவேண்டுமே. சில வாரங்கள் ஆட்ரி சீனத்திலேயே தண்ணீர் கேட்டாள், தூக்கச் சொன்னாள், விளக்கை அணைக்காதே என்றாள். யாச்சின் புரியாததுபோல நின்றாள். அப்படித்தான் நிற்கவேண்டும் என்று பயிற்சிக்காரி சொல்லியிருந்தாள். குழந்தை காலைக் கட்டிக்கொண்டு அதே சொல்லைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் இன்னும் திருத்தமாகச் சொல்லும். தான் சரியாகச் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யாச்சின் காத்திருந்தாள். கடைசியில் குழந்தை ஆங்கிலத்தில் கேட்டது. அதன் பிறகு வேறு மாதிரி கேட்கவே இல்லை.

யாச்சின் படித்துப் பட்டம் வாங்கிப் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பின்னால்தான். பகல் முழுக்க ஊரார் பிள்ளைகளோடு சீனத்தில் பேசிச் சிரித்துவிட்டு, அல்ஹாம்பிரா என்ற புறநகரில் இருந்த தன் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் அவள் வேறு ஆளாகிவிடுவாள். அவளுடைய ஆங்கிலம் வேலைக்குப் போதும், மகளுக்குப் போதாது. "சாப்பிட்டியா", "ஷூவக் கழட்டு", "எத்தன மார்க்" என்பதற்கு மேல் அந்த மொழியில் அவளுக்கு ஓடாது. கேலி செய்ய வராது. கொஞ்ச வராது. கோபம் மட்டும் வரும், அதுவும் பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். ஆட்ரிக்குத் தெரிந்த அம்மா கறாரான, அதிகம் பேசாத ஒருத்தி.

ஆட்ரி அதே பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கச் சேர்ந்தாள். இரண்டாம் வருஷக் கோடையில் மூவரும் யாச்சினின் பிறந்த ஊரான சாங்ஷா போய்வந்தார்கள். யாச்சினின் அக்காமார் இருவரும் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும்டி, வயிறு வலிக்குது, நிறுத்து" என்று கெஞ்சினாள். ஆட்ரி அம்மாவின் முழங்கையைத் தொட்டு என்னவென்று கேட்டாள்.

யாச்சின் சொல்ல ஆரம்பித்தாள். ஆங்கிலத்தில் அது வேடிக்கையாகவே இல்லை. "ஒண்ணுமில்ல. பழைய கத" என்று முடித்துவிட்டாள்.

திரும்பி வந்து சில நாளில், சாப்பாட்டு மேசையில் ஆட்ரி சொன்னாள்: "மா, அடுத்த பருவத்துல உன் வகுப்புல சேரலாம்னு இருக்கேன்."

யாச்சினின் கையில் இருந்த குச்சிகள் நின்றன. "என் வகுப்பா? எதுக்கு?"

"எதுக்குன்னா? நானும் சீனப்பொண்ணுதான? வீட்ல பேசறவங்களுக்குன்னுதான போட்டிருக்கு."

"நீ பேசலியே."

"கேக்கறேன்ல. நீயும் அப்பாவும் சண்ட போடறதெல்லாம் எனக்குப் புரியும்."

தெங் சோற்றுக் கிண்ணத்துக்குள் சிரித்தான். "அது புரியறதுக்கு மொழி எதுக்கு?"

அந்த வகுப்பில் சேர ஒரு நேர்முகப் பேச்சு உண்டு. சொந்த மகளை யாச்சின் சோதிக்கக் கூடாது என்பதால் அவளுடைய சக ஆசிரியர் ஃபான் பார்த்தார். நல்ல மனிதர், எதற்கும் பதறாதவர். பேசி முடித்துவிட்டு யாச்சினின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"லூ டீச்சர், உங்க பொண்ணு தட்டுத் தடுமாறுது. ஆனா காது இருக்கு. உச்சரிப்பு பாத்தீங்களா, எங்கயோ அடியில கெடக்கு, சுத்தமா இருக்கு. மத்த பிள்ளைங்களும் சின்ன வயசுல பாதியில விட்டவங்கதான, இதுவும் அப்படித்தான். நான் கையெழுத்துப் போட்டுடறேன். மொத மாசம் கஷ்டப்படும், அப்புறம் பிடிச்சுக்கும்."

"விதிப்படி தேறுதா?"

"விதின்னு பாத்தா இல்ல. விதிய எழுதினது யாரு? நாம ரெண்டு பேருதான்."

"அப்ப வேண்டாம்."

"யோசிச்சு சொல்லுங்க."

"ஃபான், நாளைக்கு ஒருத்தர் வந்து, உன் பொண்ணுன்னா ஒரு நியாயம் எங்க பொண்ணுன்னா ஒரு நியாயமான்னு கேட்டா? வேண்டாம். மொதல் வகுப்புலேர்ந்து வரட்டும்."

ஃபான் கதவுக் கைப்பிடியில் கைவைத்தபடி கேட்டார்: "நியாயத்துக்காகத்தான் சொல்றீங்களா?"

"வேற எதுக்கு?"

வேறு எதற்கு என்பது அவளுக்கே தெரியும். கெல்வினும் மெலிசாவும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஆட்ரி வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தால், லூ டீச்சர் தன் வீட்டில் என்ன செய்தாள் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோகும். காய்கறிக் கடை வரைக்கும் போகும். அந்த வெட்கத்தை நியாயம் என்ற பெயரில் மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

ஆட்ரி ஆரம்பநிலை வகுப்புக்குப் போனாள். அங்கே சீனத்தின் வாசனையே தெரியாத பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களோடு இந்த முகமும் தெங் என்ற அப்பாவின் குடும்பப் பெயரும் வந்து நின்றதும், அந்த ஆசிரியைக்குச் சந்தேகம். சுலபமாக மார்க் வாங்குவதற்கென்றே தெரியாதது போல நடிக்கும் சீனப் பிள்ளைகளை அவள் நிறையப் பார்த்திருந்தாள். இரண்டு சொல் உச்சரிக்கச் சொன்னாள். ஆட்ரி சுத்தமாக உச்சரித்தாள். "நீ இங்க இருக்க வேண்டிய ஆளே இல்லம்மா, துரித வகுப்புக்குப் போ" என்று அனுப்பிவிட்டாள்.

ஆட்ரி நேரே அம்மாவின் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அங்க என் மூஞ்சியப் பாத்து வேண்டாங்கறாங்க. இங்க என் வாயப் பாத்து வேண்டாங்கறாங்க. நான் எங்கதான் போய் உக்கார்றது?"

யாச்சின் அந்த ஆசிரியையிடம் பேசுவதாகச் சொன்னாள். எழுதித் தருவதாகச் சொன்னாள். ஆங்கிலத்தில் சொன்னதால் அது அலுவலகக் கடிதம்போல இருந்தது.

"இருக்கட்டும் மா. சும்மா ஒருநாள் உன் வகுப்புல பின்னாடி உக்காந்துக்கிறேன். அதுக்கு விதி இல்லியே?"

வியாழக்கிழமை வந்தாள். கதவை ஒட்டிய நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்குப் பாடம் வாடகை வீடு. யாச்சின்தான் வீட்டுக்காரி, கெல்வின் குடியிருப்பவன். வழக்கமாக அவள் அதை ஒரு நாடகமாகவே ஆக்கிவிடுவாள். மகள் இருக்கிறாளே என்று அடக்கி வாசிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கெல்வின் குழாய் ஒழுகுகிறது என்றான்.

"ஒழுகுதா? மத்த வீட்ல தண்ணியே வர்றதில்ல தம்பி. இங்க தானா வருது, அதுக்கு நான் தனியா வாடக கேட்டனா?"

"சுவத்துல பூஞ்ச புடிச்சிருக்கு!" என்று கெல்வின் சமையலறைக் குரலில் கத்தினான்.

"பூஞ்சையா? காளான் என்ன விலைன்னு உங்கப்பாவக் கேளு. பறிச்சு சூப் வெச்சுக் குடிச்சிட்டு, எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டா!"

அதற்குமேல் பாடம் நடக்கவில்லை. மெலிசா மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். யாச்சின் இடுப்பில் கைவைத்தபடி, சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றவள் அப்போதுதான் கதவுப் பக்கம் பார்த்தாள். ஆட்ரி எல்லோருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு, அவர்கள் சிரித்ததைப் பார்த்துச் சிரித்தாள்.

வகுப்பு முடிந்து இருவரும் வாகனம் நிறுத்தும் இடத்துக்கு நடந்தார்கள்.

"உனக்கு இவ்வளவு வேடிக்கையாப் பேச வருமா, மா?"

"அது... வகுப்புக்கு. சும்மா."

"அந்த கெல்வினுக்கு உன்ன எத்தன நாளாத் தெரியும்? ரெண்டு வாரமா?"

யாச்சின் சாவியைத் தேடினாள். என்ன சொல்வது என்று சீனத்தில் அவளுக்குத் தெரியும். பத்து விதமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் தேடியபோது, "பசிக்குதா?" என்பதுதான் வாயில் வந்தது.

ஆட்ரி அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. படித்து முடித்து சான் டியேகோவில் ஒரு விலங்கு மருத்துவமனையில் வேலைக்குப் போனாள். மாதம் ஒருமுறை வருவாள், ஆரஞ்சுப் பழம் வாங்கி வருவாள், அப்பாவோடு உட்கார்ந்து கூடைப்பந்து பார்ப்பாள், போய்விடுவாள். சண்டை எதுவும் இல்லை. சண்டை போடவாவது நிறையப் பேசவேண்டும்.

ஆட்ரிக்கு இருபத்துநான்கு வயதாகும்போது தெங் பின்வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். பக்கவாதம். உயிர் பிழைத்தான். வலது கை போய்விட்டது, கால் இழுத்தது. சில நாள் கழித்துப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. சீனம் மட்டும்தான் திரும்பியது. ஆங்கிலம் துடைத்ததுபோலப் போயிருந்தது. பிந்திக் கற்ற மொழி சிலருக்கு இப்படிப் போவதுண்டு, வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். வந்த சீனமும் யாச்சினோடு இத்தனை வருஷம் பேசிய பொதுமொழி அல்ல. ஷாவ்யாங் பக்கத்தில் அவன் சிறுவனாகப் பேசிய வட்டாரப் பேச்சு, நாக்கு வேறு குழறியது. அவளுக்கே சில சமயம் இரண்டு தடவை கேட்கவேண்டியிருந்தது.

ஆட்ரி விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அப்பாவைத் தூக்கி உட்காரவைப்பதில், நடக்கவைப்பதில் அவளுக்கு இருந்த லாகவம் யாச்சினுக்கு இல்லை. பெரிய நாய்களைக் கையாண்டு பழக்கம் என்றாள். ஆனால் அவன் ஏதாவது சொன்னதும் அவள் கண் அம்மாவைத் தேடும். யாச்சின் மாற்றிச் சொல்லுவாள். தலையணையை ஏற்றச் சொல்கிறார். வெளிச்சம் கண்ணில் படுகிறதாம். மகள் சொன்னதை அவனிடம் சொல்லுவாள். இருபது வருஷம் தன் வீட்டில் வாயடைத்துக் கிடந்தவள் இப்போது தொண்டை கட்டும்வரை பேசினாள்.

ஆட்ரி ஃபோனில் மொழிபெயர்ப்புச் செயலி ஒன்றை இறக்கி அப்பாவின் வாயருகே பிடித்துப் பார்த்தாள். அவன் கஷ்டப்பட்டு ஒரு வாக்கியம் சொன்னான். 'பானை ஆரஞ்சு விற்கிறது' என்று வந்தது. மூவரும் சிரித்தார்கள். அதற்குப்பின் அவள் ஃபோனைப் பையிலேயே வைத்துவிட்டாள்.

ஒருநாள் யாச்சின் சூப்பை ஆற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது. "பா, மம்மு. ஆ காட்டு."

சீனத்தில். மூன்று வயதுக் குழந்தையின் சீனம். ஆட்ரி கரண்டியை நீட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கே எங்கிருந்து வந்தது என்று தெரியாத முகம். தெங் வாயைத் திறக்கவில்லை, மகளையே பார்த்தான். பிறகு பாதி முகத்தால் சிரித்து, "மம்மு வேணாம். சூடு" என்றான். அவள் கரண்டியை ஊதினாள்.

அன்றிலிருந்து இருவருக்கும் இடையில் ஒரு சின்ன மொழி ஓடியது. தூக்கு, வேணாம், ஜோஜோ தூங்கு, ஷூ போடு, வலிக்குதா. இருபது, முப்பது சொல் இருக்கும். யாச்சின் அறைக்கு வெளியே நின்று கேட்பாள். உள்ளே போகமாட்டாள்.

அந்த நாட்களில்தான் ஒருநாள் சமையலறையில் சொல்லிவிட்டாள். "ஆட்ரி, உன்ன அன்னிக்கு வகுப்புல சேக்க ஃபான் தயாராத்தான் இருந்தாரு..."

"தெரியும்."

"தெரியுமா?"

"அப்பவே சொன்னாரு. நடைபாதையில பாத்தப்ப. உங்கம்மாகிட்ட நீயே பேசிப் பாரு, நான் சொன்னாக் கேக்கல அப்டின்னாரு." ஆட்ரி கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். "நான் பேசல."

"ஏன்?"

"உனக்கு நான் அங்க வர்றது பிடிக்கலன்னு நெனச்சேன். அதுல பேசறதுக்கு என்ன இருக்கு?"

நான்கு வருஷம். வீட்டோடு இருந்தபோதும், பிறகு மாதம் ஒருமுறை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தபோதும் இதே சமையலறையில் இதைத் தெரிந்துகொண்டே நின்றிருக்கிறாள். யாச்சின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"இப்ப நான் கத்துத் தரேன். இன்னிக்கே. தெனம் ரெண்டு மணி நேரம்..."

"வேணாம் மா." கோபமாகச் சொல்லவில்லை. "அப்பாவோட இருக்கற நேரத்த எடுத்து உங்கிட்ட பாடம் படிக்கவா? அப்புறம் பாக்கலாம்."

இலையுதிர் காலத்தில் ஒரு பகல். யாச்சின் மருந்து வாங்கப் போயிருந்தாள். வரிசை நீளமாக இருந்தது. அவள் திரும்பி வந்தபோது தெங் சன்னலோரம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான், முகம் தெளிந்திருந்தது. ஆட்ரி எதிரில் மோடாவில், அவனுடைய செத்த கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து வந்து அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"மா, அப்பா பேசினாரு. ரொம்ப நேரம். இந்த ஆறு மாசத்துல இவ்வளவு பேசினதே இல்ல. ஒண்ணும் கேக்கல, தண்ணி கின்னின்னு எதுவும் இல்ல. என்னப் பாத்துக்கிட்டே சொல்லிக்கிட்டே போனாரு. நடுவுல அழுதாரு. அப்புறம் சிரிச்சாரு."

"என்ன சொன்னாரு?"

"அதத்தான உன்னக் கேக்கறேன்!" அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு எதுவும் புரியல. நிறுத்தச் சொல்ல மனசு வரல. நிறுத்தினா திரும்ப வராதோன்னு பயமா இருந்துச்சு. தலைய ஆட்டிக்கிட்டே இருந்தேன்."

"ஃபோன்ல பதிவு..."

"என் ரெண்டு கையும் அவரு கையில இருந்துச்சு மா."

யாச்சின் உள்ளே போனாள். கணவன் பக்கத்தில் குனிந்து, "என்ன கெழவா, எம்பொண்ணுகிட்ட என்ன ரகசியம் பேசின?" என்றாள்.

தெங் ஒரு கண்ணைத் திறந்தான். "அவகிட்டதான் சொன்னேன். உனக்கு எதுக்கு?"

"எனக்கும் சொல்லேன்."

"இருபது வருஷமா சொல்லணும்னு வெச்சிருந்தது. சொல்லிட்டேன்." குழறிக் குழறி, ஆனால் திருப்தியாகச் சொன்னான். "இங்கிலீஷ்ல அது எனக்கு வரவே இல்ல யாச்சின். இப்ப வந்துச்சு. அவளுக்கு எல்லாம் புரிஞ்சுது. தலைய ஆட்டினா பாரு, ஒவ்வொண்ணுக்கும்."

யாச்சின் அவனுடைய போர்வையைச் சரிசெய்தாள். நிமிர்ந்தபோது ஆட்ரி வாசலில் நின்றிருந்தாள். அவன் பேச்சு புரியாவிட்டாலும் அந்த முகம் அவளுக்குப் புரிந்திருந்தது. சைகையால் அம்மாவை வெளியே அழைத்தாள்.

"எனக்குப் புரியலன்னு அவருகிட்ட சொல்லிடாத."

"சொல்லல."

"திரும்பக் கேக்காத. கேட்டா தெரிஞ்சிடும்."

யாச்சின் கேட்கவில்லை. ஆட்ரி இல்லாத சமயம் பார்த்துச் சுற்றி வளைத்து ஒருதரம் ஆரம்பித்தாள். தெங் சிரித்துக்கொண்டே, "அவளயே கேட்டுக்க" என்றுவிட்டான்.

அம்மாவும் மகளும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து அதைத் தேடினார்கள். ஆட்ரிக்கு நினைவிருந்த ஒலிகளை அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "யூ. யூன்னு நெறைய தடவ வந்துச்சு."

"எப்படி? ஏத்தியா, எறக்கியா?"

"தெரியல. யூ."

அந்தச் சொல்லைக் குரல் ஏற்றிச் சொன்னால் மீன், இறக்கி ஏற்றினால் மழை. அழுத்தி இறக்கினால் தற்செயலாகச் சந்திப்பது. ஷாவ்யாங் பேச்சில் அந்த ஏற்ற இறக்கமும் மாறிவிடும். சீனத்தின் நான்கு தொனியிலும் யாச்சின் சொல்லிக்காட்டினாள். மகள் ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "எல்லாம் அது மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு." அடுத்தது "வான்". கிண்ணம், தாமதம், விளையாட்டு. மழையில் தாமதமாக வந்த ஒரு நாளைப் பற்றிச் சொன்னானா, கிண்ணத்தில் மீன் வைத்து விளையாடியதைப் பற்றியா? இரண்டும் நடந்திருக்கக்கூடியவைதான். எத்தனையோ பிள்ளைகளின் உடைந்த சீனத்தை ஒட்டவைத்துப் பழகிய யாச்சினால் இந்தச் சில்லுகளை ஒட்டவைக்க முடியவில்லை.

தெங் அந்தக் குளிர்காலத்திலேயே இரண்டாவது தாக்குதலில் போய்விட்டான். சடங்குகள் முடிந்ததும் ஆட்ரி சான் டியேகோவுக்குத் திரும்பினாள். யாச்சின் பழையபடி வகுப்புக்குப் போனாள். வீட்டுக்காரி நாடகம் வரும் பாடத்தை மட்டும் ஃபானிடம் தள்ளிவிட்டாள். காரணம் அவர் கேட்கவில்லை.

ஆட்ரியிடமிருந்து அழைப்பு முன்னைவிட அடிக்கடி வந்தது. நலம் விசாரிப்பதில்லை. "மா, இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு. நாய்க்குக் கட்டுப் போட்டுக்கிட்டிருந்தேன், டக்குனு வந்துச்சு" என்று ஒரு ஒலியைச் சொல்லுவாள். யாச்சின் அடுப்பை அணைத்துவிட்டு உட்காருவாள். இருவரும் அந்த ஒலியைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அந்தச் சாக்கில் தெங்கின் சிறுவயதுக் கதைகள் சில வரும். யாச்சின் திணறித் திணறி ஆங்கிலத்தில் சொல்லுவாள். சொல் கிடைக்காத இடத்தில் சீனத்தைப் போட்டு இட்டு நிரப்புவாள். ஆட்ரி நிறுத்தச் சொல்லமாட்டாள். போகப்போக ஒலிகள் குறைந்தன. உண்மையிலேயே கேட்டதா, தானாகச் சேர்த்துக்கொண்டதா என்று ஆட்ரிக்கே சந்தேகம் வந்தது.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள். "ஜியாவ். அதுதான் கடைசியா சொன்னது. அதச் சொல்லிட்டு இடது கையால என் கைய அழுத்தினாரு. இது எனக்கு நிச்சயமாத் தெரியும் மா. ஜியாவ்."

யாச்சின் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். கூப்பிடுவது ஜியாவ். கற்றுக்கொடுப்பது ஜியாவ். ஒப்படைப்பது, கால், எல்லாம் அதுதான். கூப்பிடு என்றானா? உனக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும் என்றானா? உன்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறேன் என்றானா? கால் வலிக்கிறது என்றுகூட இருக்கலாம்.

"எதுன்னு நெனைக்கிற?" என்றாள் ஆட்ரி.

யாச்சினிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. அப்பா மகளிடம் சொல்லக்கூடிய அழகான வாக்கியம். எந்தப் பிழையும் இல்லாதது. சரிபார்க்க ஒருவரும் இல்லை. சொன்னால் மகள் அதை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்வாள்.

"தெரியலம்மா" என்றாள். சீனத்தில் சொல்லிவிட்டாள், தன்னையறியாமல்.

மறுமுனையில் நாய் ஒன்று குரைத்தது.

"சரி" என்றாள் ஆட்ரி ஆங்கிலத்தில். "வேற எதாவது வந்தா கூப்பிடறேன்."